டைரி எழுதினால் மனசு இன்னும் கனக்கிறதே, எங்கே தவறு?

கேள்வி:
இரண்டு வாரமாக இரவு படுக்கும் முன் டைரி எழுதுகிறேன். ஒரே குடும்பச் சண்டைதான் தினமும் வருகிறது. எழுதி முடித்தால் தூக்கம் போய்விடுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில் 1:
எழுதிய கையோடு மனம் கனப்பது இயல்பு, பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே படுக்கும் நேரம் வேண்டாம். சாயங்காலம் எழுதிவிட்டு ஒரு நடை போய் வாருங்கள்.

ஒரே விஷயத்துக்கு இரண்டு வாரம் அதிகம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், அவ்வளவுதான். நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள். சம்பவத்தை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

அலாரம் வைத்துக்கொண்டு, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதுங்கள். சொல் வராவிட்டால் கடைசி வரியையே திரும்ப எழுதலாம். முக்கியமாக, வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். 'மிகுந்த வேதனை அடைந்தேன்' என்று எழுதும்போது கவனம் எழுத்து நடைக்குப் போய்விடும். 'வயிறு எரிஞ்சுது' என்றால் விஷயம் வெளியே வரும்.

பதில் 2:
நாள் கணக்கோடு இதையும் பாருங்கள். முதல் நாள் பக்கத்தையும் நாலாம் நாள் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'ஏன்னா', 'அதனாலதான்', 'இப்பதான் புரியுது' போன்ற சொற்கள் கூடியிருந்தால் எழுத்து வேலை செய்கிறது. அதே வசை, அதே வரிசை என்றால் புண்ணைக் கிளறுவதுதான் நடக்கிறது. மணமுறிவுக்கு ஆளானவர்களிடம் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தேடி மனசுக்குள் அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மனதில் இருப்பதைக் கொட்டி எழுதியது தேறுவதைத் தாமதப்படுத்தியது. அசைபோடும் ஆள் என்றால் ஒரு நாள் 'நான்' என்பதை விட்டு, அதே சண்டையை எதிராளி சொல்வதுபோல் எழுதிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையா, தாராளமாக நிறுத்துங்கள்.

பதில் 3:
யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் கை தானாகப் பூசி மெழுகும். நோட்டு வேண்டாம், தனித்தாளில் எழுதிக் கிழித்துவிடுங்கள். பத்திரப்படுத்துவதில் பலன் இல்லை.

சாவு, விபத்து நடந்து சில வாரம்கூட ஆகவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் அந்த இடத்திலேயே விட்டு வேறு எழுதுங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் டைரியை மூடிவிட்டு 14416-ஐ அழையுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.