2022-இல் பழகியதெல்லாம் எங்கே போனது? செலவைச் சுருக்க எங்கிருந்து தொடங்குவது?

கொக்குவில்_மருமகள் கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இரண்டு பரப்பு வளவில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. கணவர் வேலை செய்யும் கிளையை அடுத்த வருடம் மூடப்போவதாகக் கதை அடிபடுகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா முன்பு மாதாமாதம் அனுப்புவார். அங்கே வீட்டுக்கடன் வட்டி ஏறிய பிறகு நல்லநாள் பெருநாளுக்கு மட்டும்தான் வருகிறது. அவரில் பிழை இல்லை. இப்போதைக்கு நிச்சயம் என்றால் என் சம்பளம் ஒன்றுதான். வேலை போன பிறகு பதறுவதை விட இப்போதே சுருக்கிப் பழகலாம் என்று யோசிக்கிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் இதெல்லாம் எங்களுக்குக் கைவந்திருந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் சிலிண்டர் கொழும்பிலேயே 4,860 ரூபாவுக்குப் போனது, அதுவும் கிடைத்தால்தானே. பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். கிணற்றடிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தேன். கணவர் சைக்கிளில் வேலைக்குப் போனார். பாண் வாங்குவதை விட்டு, இரவில் குரக்கன் புட்டும் சம்பலும். பிறகு காஸ் வந்தது, பெற்றோல் வந்தது, ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி. அந்த மூன்று கல்லில் ஒன்று இப்போது கேற்றுக்கு முட்டுக்கொடுக்கிறது.

இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று சித்திரையில் வீட்டுத்தோட்டம் தொடங்கினேன். யூரியூப் பார்த்து வளர்ப்புப் பை, தும்புத்தூள், கடைக் கூட்டுப்பசளை, நிழல்வலை, நீளக் குழாய் எல்லாம் வாங்கினேன். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்: 14,350 ரூபா. ஆடி முடிய எடுத்தது தக்காளி ஒன்றரைக் கிலோ, வெண்டிக்காய் நாலைந்து கறிக்கு. மிளகாய்க் கன்று அத்தனையும் இலை சுருண்டு போனது. தண்ணீர் மோட்டார் ஓடியதில் கரண்ட் பில்லும் ஏறிவிட்டது. அந்தத் தக்காளியை நகையோடு சேர்த்து அடகு வைக்கலாம் என்கிறார் கணவர்.

மாமி சொன்னதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. "நாங்கள் தொண்ணூறிலே வழியில்லாமல் செய்ததை நீ காசு கொடுத்துச் செய்கிறாய் பிள்ளை."

உங்கள் வீடுகளில் 2022-க்குப் பிறகும் விடாமல் செய்வது எது? உண்மையில் காசு மிஞ்சுவது எது, படம் எடுத்துப் போட மட்டும் உதவுவது எது? நான் வேலைக்குப் போகிறவள் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

—

வயரிங்_தம்பி (சுன்னாகம்):

அக்கா, நான் வயரிங் வேலை செய்பவன், அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது பில்தான். ஒரு குதிரைவலு மோட்டார் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஒரு அலகு. நாள்தோறும் ஒரு மணித்தியாலம் தோட்டத்துக்கு இறைத்தால் மாதம் 30 அலகு அங்கேயே போய்விடும். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டும்தான் கூடக் காசு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் அலகிலிருந்தே வேறு விலைக்குப் போய்விடுவீர்கள், நிலையான கட்டணமும் கூடும். சித்திரைக்கு முந்தின பில்லையும் இப்போதைய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களை 60-க்கு மேலே தள்ளியதே அந்தத் தக்காளியாக இருக்கலாம்.

மேல்தொட்டி நிரம்பி வழிகிறதா, கக்கூஸ் தொட்டி ஒழுகுகிறதா, கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வு தண்ணீரைப் பிடித்து வைக்கிறதா என்றும் பாருங்கள். நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இதில் ஒன்றாவது இருக்கும். சோலர் போடுகிறேன், எல்ஈடி மாற்றுகிறேன் என்பவர்கள் ஒழுகும் வால்வைக் கவனிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். லீசிங்கில் எதுவும் எடுத்திருந்தால் சம்பளம் இரண்டாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நான் 2019-இல் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தேன். 2022-இல் சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்றபோது மூன்று மாதம் கட்டவில்லை, வீட்டு வாசலில் வைத்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள், கரியரில் சாமான் பை. சுன்னாகத்திலிருந்து மானிப்பாய் வரை அதில்தான் வேலைக்குப் போகிறேன். இது எளிய வாழ்க்கையா, தண்டனையா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் மாதம் பிறந்தால் வயிற்றைக் கலக்குவதில்லை.

—

செம்பாட்டுத்_தோட்டம் (உரும்பிராய்):

தங்கச்சி, சித்திரை வெயிலில் தக்காளி வைக்கச் சொன்னது யார்? யூரியூப்பில் சொன்னவர் எந்த ஊர் வெயிலில் நின்று சொன்னார் என்று பார்த்தீர்களா?

எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மற்ற மாதமெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற தண்ணீரை இறைத்துத்தான் சீவியம். நான் இறைத்தால் அது தொழில், விற்கிறேன். நீங்கள் பைக்குள் இருக்கிற பிடி மண்ணுக்கு இறைத்தால் காலையில் ஊற்றியது மத்தியானம் ஆவியாகிவிடும். பையை விட்டுவிடுங்கள். நிலம் இருக்கிறவர்களுக்குப் பை எதற்கு?

வளவுக்கு வேண்டியது இறைக்காமல் நிற்கிற மரங்கள். ஒரு முருங்கைத் தடியை வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் போதும், காயும் இலையும் தரும். அகத்தி இரண்டு. கறிவேப்பிலை ஒன்று. வேலியில் முசுட்டையைப் படர விடுங்கள், வறையாகச் சுண்டினால் ஒரு நேரக் கறி. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் இரண்டு வாழை வையுங்கள். எங்கள் பெரியவர்கள் அதை அங்கே வைத்தது சும்மா இல்லை. வாழைக்கும் தென்னைக்கும் அடியில் பொச்சுமட்டையை, தேங்காய் உரித்த மட்டையை, குழி வெட்டித் தாழ்த்திவிட்டால் மாரித் தண்ணீரைக் கன நாள் பிடித்து வைத்திருக்கும். பப்பாசி தானாகவே முளைக்கும், பிடுங்காமல் விட்டால் சரி. கத்தரி, பயற்றை, மிளகாய் ஆசை என்றால் புரட்டாதியில் நாற்றுப் போட்டு மழையோடு நடுங்கள், அதுவும் பத்துப் பன்னிரண்டு கன்று போதும்.

பசளைக்கும் கடைக்குப் போகாதீர்கள். 2021 வைகாசியில் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தினார்கள், கார்த்திகையில் பிழை என்று திரும்ப விட்டார்கள். இடையில் நாங்கள் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும். இயற்கைப் பசளையில் எனக்குக் கோபம் இல்லை, ஒரே இரவில் மாறு என்றதில்தான் கோபம். அப்பா காலத்திலிருந்து பூவரசங் குழை, கிளிசரியாக் குழை வெட்டித் தாழ்க்கிற ஒரு துண்டு இருந்தது. அந்த வருடம் என்னைக் காப்பாற்றியது அதுதான். மற்றத் துண்டுகளில் உரம் போட்டே பழக்கியிருந்தேன், மண் அடம்பிடித்துவிட்டது.

கிளிசரியாத் தடி வேண்டுமென்றால் வாருங்கள், வேலியில் நிறைய நிற்கிறது. காசு வேண்டாம். தக்காளியையும் வெங்காயத்தையும் மட்டும் எங்களிடம் சந்தையில் வாங்குங்கள், நாங்களும் சீவிக்க வேண்டும்.

—

பனிக்குள்_ஊரான் (ரொறன்ரோ):

குடுத்துவைத்தவர்கள் நீங்கள். முற்றத்தில் முருங்கை, கிணற்றில் தண்ணீர். நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம், ஒரு குறையும் இல்லை. அந்த நிம்மதி இப்போது யாருக்கு இருக்கிறது? எல்லோரும் அந்த வாழ்க்கைக்குத் திரும்பினால் நல்லது.

—

ஓய்வு_ரீச்சர் (கரவெட்டி):

பிள்ளை, உனக்குப் பதில் எழுத வந்தேன். முதலில் மேலே உள்ள தம்பியோடு ஒரு கதை.

தம்பி, ஜாம் போத்தல் விளக்கில் நீங்கள் படித்தீர்கள், சரி. போத்தலுக்குள் பஞ்சு வைத்து, மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து விட்டு, விடிந்ததும் கரியைத் துடைத்து வைத்தது யார்? உங்கள் அம்மாவாகத்தான் இருக்கும். 1990-இல் போரோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்கு முப்பது வயது, கையில் இரண்டு பிள்ளைகள். சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயப்போட்டால் அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பும். பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொடுத்து, மகன் பெடலைச் சுற்றச் சுற்ற இரவில் பிபிசி தமிழோசை கேட்டோம். எங்கே குண்டு விழுந்தது என்று சொல்கிற நேரம் பார்த்து அவனுக்குக் கை ஓய்ந்துவிடும். இப்போது சொல்லிச் சிரிக்கிறோம். அது எளிமை இல்லை தம்பி, இல்லாமை. உங்களுக்கு அந்த நாட்களில் குறை தெரியவில்லை என்றால், குறை தெரியாமல் யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

இனி உனக்கு. உன் மாமி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அவருக்கு அப்போது நாள் முழுக்க அந்த வேலைதான். நீ காலையில் ஏழரைக்கு வெளிக்கிட வேண்டியவள். விறகடுப்பு என்றால் கொத்த வேண்டும், ஊத வேண்டும், சட்டியில் கரி தேய்க்க வேண்டும், புகையில் இரும வேண்டும். காஸ் மிச்சப்படுவது உன் தூக்கத்தில் இருந்து என்றால் அது மிச்சம் இல்லை.

நான் 2022-க்குப் பிறகும் விடாமல் செய்வது இவ்வளவுதான். காலைச் சமையல் காஸில். சோறு இரண்டு கொதி வந்ததும் மூடியோடு இறக்கிப் பழைய சாக்கால் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுவேன், அரை மணித்தியாலத்தில் அது தானாக அவிந்துவிடும். கஞ்சி வடிக்கிற அரிசிக்கு இது சரிவராது, தண்ணீரை அளந்து வைக்க வேண்டும். சனி ஞாயிறில் மட்டும் வெளியே விறகு: கொக்காரை, பன்னாடை, ஊமல், சிரட்டை, வளவில் விழுகிறது எல்லாம். கிழங்கு அவிப்பது, மிளகாய் வறுப்பது எல்லாம் அந்த நெருப்பில். மிளகாயும் மல்லியும் வாங்கி மில்லில் திரிக்கக் கொடுப்பேன், தூள் பைக்கெற் வாங்குவதில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு சிலிண்டர் நாலு மாதம் போகிறது. உங்களுக்கு ஐந்து பேர், அப்படிப் போகாது, ஆனால் குறையும்.

இப்போது ஆவணி, பனம்பழம் விழுகிற காலம். மாமியிடம் கேட்டுக் கொட்டையைச் சேர்த்து மழைக்கு முன் ஒரு பாத்தி போடு. தைக்குக் கிழங்கு. பாதியை அவித்துத் தின்னலாம், மிச்சத்தைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பிள்ளைகளுக்குப் பள்ளியால் வந்து கடிக்கப் பிஸ்கற்றை விடப் புழுக்கொடியல் நல்லது, பல்லுக்கும் வேலை. ஒடியல் மாவில் மட்டும் அவசரப்படாதே. தண்ணீரில் ஊறவிட்டு, மாற்றி மாற்றி வடித்துக் காறலை எடுத்த பிறகுதான் கூழோ புட்டோ. அதை மாமி பக்கத்தில் நின்று செய்யட்டும்.

கடைசியாக, யார் என்ன செய்வது என்று முதலில் பேசு. விறகு கொத்துவதும் சட்டி தேய்ப்பதும் உன் கணவர் என்று சொல்லிவிட்டு நெருப்பை மூட்டு. 2022-இல் உங்கள் வீட்டில் எல்லாம் ஏன் ஆறு மாதத்தில் பழையபடி ஆனது என்று நினைக்கிறாய்? காஸ் வந்ததாலா, நீ களைத்ததாலா?

—

கொக்குவில்_மருமகள்:

ரீச்சர், கடைசிக் கேள்வியைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து சட்டி தேய்க்கிற சத்தம் கேட்டது. நாளைக்கும் கேட்கிறதா பார்ப்போம்.

வயரிங் தம்பி, பில்களை எடுத்துப் பார்த்தேன். மாசி மாதம் 54, ஆடி மாதம் 83. மோட்டார் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக ஓடுவதை நாங்கள் பழுது என்றே நினைக்கவில்லை. நேற்றுப் பார்த்தால் கக்கூஸ் தொட்டி மிதவை தேய்ந்து இரவு பகலாக ஒழுகுகிறது. புதுசு மாற்றியாயிற்று. நகை ஒன்று அடகில் இருக்கிறது, லீசிங் ஏதும் இல்லை. அண்ணா அடுத்த முறை அனுப்பினால் அதில் முதலில் நகையைத்தான் மீட்பது என்று முடிவு.

வளர்ப்புப் பைகளில் இருந்த மண்ணைக் கறிவேப்பிலைக்கு அடியில் கொட்டிவிட்டேன். நிழல்வலையை மாமி எடுத்துக்கொண்டார், மோர்மிளகாய் காயவைக்கும்போது காகம் வராமல் மூடலாமாம். 14,350 ரூபாவில் அது ஒன்றாவது தேறியது. பாத்தி போடக் கேட்டதற்கு, "கொட்டை பொறுக்க நீயும் வந்தால் போடுவேன்" என்கிறார். விடிய ஐந்து மணிக்கு ரோர்ச்சோடு இரண்டு நாள் போய்விட்டோம். சின்னவளும் வருகிறாள். இதுவரை நாற்பத்தொன்று.

உரும்பிராய் அண்ணா, ஞாயிறு காலையில் தடி வெட்ட வரலாமா? நானும் கணவரும் இரண்டு சைக்கிளில்தான் வருவோம். எவ்வளவு நீளத்தில் வெட்ட வேண்டும், கட்டக் கயிறு கொண்டு வர வேண்டுமா?