பிள்ளைகளுக்கு அரசாங்கம், சட்டம், தேர்தல் பற்றிச் சொல்லித்தர இணையத்தில் என்ன இருக்கிறது?

மதியொளி:
பையனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு. செய்தியில் மசோதா நிறைவேறியது என்று வந்தால் "ஏன் ஓட்டெல்லாம் போடுகிறார்கள், பிரதமர் சொன்னால் போதாதா?" என்கிறான். பாடப்புத்தகத்தில் வரையறைதான் இருக்கிறது, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. இலவசமாக, கட்சி வாடை இல்லாமல், விளையாட்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
விளையாட்டு என்றால் ஐசிவிக்ஸ் தளம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் ஓய்வு பெற்ற பிறகு 2009இல் தொடங்கியது, காசு கிடையாது. 'பீப்பிள்ஸ் பை' என்ற விளையாட்டில் அரசின் பட்ஜெட்டே பிள்ளை கையில்: வரி எவ்வளவு போடுவது, எந்தத் துறைக்கு எவ்வளவு ஒதுக்குவது எல்லாம் அவன்தான் முடிவு செய்ய வேண்டும், கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்தால் கணக்கு இடிக்கும். 'டூ ஐ ஹேவ் எ ரைட்?' இன்னும் நல்லது. ஒரு வக்கீல் அலுவலகத்தை நடத்த வேண்டும், புகாரோடு வருகிறவருக்கு உண்மையிலேயே சட்ட உரிமை இருக்கிறதா, இல்லை வெறும் கோபமா என்று பிரிக்க வேண்டும். பெரியவர்களுக்கே அது தடுமாறும்!

அரைக்கண்:
சாக்பீஸ் சொன்னது சரி, ஆனால் பையன் கேட்ட கேள்விக்கு அதில் விடை இல்லை. ஐசிவிக்ஸ் முழுக்க அமெரிக்க அமைப்பு. அங்கே பிரதமரே கிடையாது, அதிபரின் அமைச்சர்கள் காங்கிரஸ் (அந்த நாட்டின் நாடாளுமன்றம்) உறுப்பினர்களாக இருக்கவும் முடியாது, அதிபர் ஒரு மசோதாவைத் தடுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால்தான் மீற முடியும். நாடாளுமன்ற முறையில் கதையே வேறு, அவையின் பெரும்பான்மை போனால் பிரதமர் நாற்காலியும் போகும். இதைச் சொல்லாமல் விளையாட விட்டால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வான். நாடாளுமன்ற முறைக்கு ஆஸ்திரேலியாவின் நாடாளுமன்றக் கல்வி அலுவலகத் தளத்தைப் பாருங்கள், பிள்ளைகளே சபாநாயகர், அமைச்சர், எதிர்க்கட்சி என்று பிரிந்து ஒரு மசோதாவை விவாதிக்கும் நாடக வசனங்கள் வரை இருக்கின்றன. அப்புறம் பிரிட்டன் நாடாளுமன்றம் கூடும் காலத்தில் புதன்தோறும் பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம் யூடியூபில் வரும், பத்து நிமிடம் போட்டுக் காட்டுங்கள். ஒரே கூச்சல்தான், ஆனாலும் பிரதமர் எழுந்து நின்று பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது கண்ணெதிரே தெரியும்.

மதியொளி:
நன்றி! எட்டு வயதுக்காரிக்கு இதெல்லாம் கூடுதல் இல்லையா? எல்லாம் ஆங்கிலம் வேறு.

சாக்பீஸ்:
அவளுக்கு நாடாளுமன்றமே வேண்டாம். 1989இல் ஐநா ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கைக்கு யுனிசெஃப் தளத்தில் சிறுவர்களுக்கான எளிய வடிவம் இருக்கிறது, படங்களோடு. அதில் 12ஆவது பிரிவை நீங்களே தமிழில் சொல்லிக் கொடுங்கள்: தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, பெரியவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். மறுநாளே தூங்கும் நேரத்தை மாற்றச் சொல்லி மனு வரும், தயாராக இருங்கள்.

அரைக்கண்:
வந்தால் வாய்மொழியாக வாங்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். அண்ணன் எதிர்க்கட்சி.