புஹூர்ட் தலைக்கவசம்: டைட்டானியமா, எஃகா?

நீள்வாள்:
முனை மழுக்கிய எஃகு வாளும் கோடரியுமாகக் கூட்டமாய் இறங்கி, அடித்து, பிடித்துத் தள்ளும் ஆட்டம் புஹூர்ட். முழுக் கவசம் 25 கிலோவுக்குக் குறையாமல் வருகிறது. மார்புக்கும் காலுக்கும் டைட்டானியத் தகடு போட்டுவிட்டேன், இரண்டாவது சுற்றிலும் மூச்சு தாங்குகிறது. அடுத்து தலைக்கவசத்தையும் அதிலேயே செய்யச் சொல்லப் போகிறேன். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், டைட்டானியம் 4.5 தான். அதே தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் எடை மிச்சம். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கொல்லன் மகன்:
வேண்டாம். மற்ற இடத்தில் எல்லாம் போடுங்கள், தலையில் மட்டும் வேண்டாம். மார்பில் விழும் அடி தகட்டில் பரவி, உள்ளே இருக்கும் பஞ்சுச் சட்டையில் அடங்கிவிடும். தலையில் எலும்பு உடைவதைவிட, மூளை மண்டைக்குள் உலுக்கப்படுவதுதான் ஆபத்து. தலை ஏறக்குறைய 5 கிலோ, எஃகுக் கவசம் 4.5 கிலோ என்று வையுங்கள், அடி வாங்கும் மொத்த எடை 9.5. கவசம் 2.5 கிலோவானால் 7.5 தான். அதே அடிக்குத் தலை நாலில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் வேகத்தில் நகரும். எடை என்று நீங்கள் கழற்றப் பார்ப்பதுதான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நீள்வாள்:
கணக்கு சரி, ஆனால் அது நின்றுகொண்டு அடி வாங்குபவனுக்கான கணக்கு. இரு பாதம் தவிர மூன்றாவதாக உடம்பில் எது தரையைத் தொட்டாலும் அந்தச் சுற்றில் நாம் அவுட், அதனால் எல்லோரும் தள்ளத்தான் பார்க்கிறார்கள். மல்லாந்து விழுந்து பின்மண்டை தரையில் மோதும்போது கவசம் சட்டென்று நின்றுவிடும், உள்ளே தலைதான் தொடர்ந்து ஓடும். அங்கே உங்கள் 2 கிலோ எனக்கு என்ன உதவி செய்யும்? கழுத்தை வளைத்துத் தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் பாரம் விடாது. போன பருவத்தில் நான் தலைசுற்றி உட்கார்ந்தது கோடரி அடியில் இல்லை, இப்படி விழுந்ததில்தான்.

கொல்லன் மகன்:
விழும்போது எடை உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே டைட்டானியமும் உதவாது, மெத்தைதான் உதவும். இன்னொன்று, டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் பாதிதான். அதே தடிமனில் அடி வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உள்ளே வளைந்து திரும்பும். தொடையில் அது பரவாயில்லை, மண்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் கனம்தான் இடம் என்றால் அந்த வளைவு நேரே நெற்றியில் வந்து நிற்கும். தடிமனைக் கூட்டலாம், ஆனால் மிச்சம் பிடித்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடுமே.

பிரம்புவாள்:
நான் பிரம்பு ஆயுதத்தோடு மோதும் எஸ்சிஏ பக்கம் (இடைக்கால வாழ்க்கையை மீட்டு ஆடும் சங்கம், 1966இல் கலிபோர்னியாவில் தொடங்கியது). எங்கள் விதியிலேயே தலைக்கவச எஃகு சுமார் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, உள்ளே அரை அங்குல நுரை மெத்தையோ அதற்குச் சமமானதோ வேண்டும். பிரம்புக்கே அப்படி. எஃகு ஆயுதத்தை வாங்கும் நீங்கள் உலோகத்தின் பெயரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லை. நீள்வாள், விழுந்த அன்று உள்ளே என்ன போட்டிருந்தீர்கள்?

நீள்வாள்:
பஞ்சுத் தொப்பி, இரண்டு வருடப் பழசு. அமுங்கித்தான் போயிருந்தது, மறைக்கவில்லை. ஆனால் களைப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசி நிமிடத்தில் கை தாழ்ந்து கேடயம் இறங்கும்போதுதான் தலைக்கு அடி விழுகிறது. லேசாக இருந்தால் அந்த அடியே பாதி வராது.

கொல்லன் மகன்:
களைப்பு உண்மைதான், அதற்குத்தான் கையிலும் காலிலும் எடை குறைக்கச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே மிச்சமாகும் அரைக் கிலோ ஒவ்வொரு அடி வைப்பிலும் தெரியும். 14ஆம் நூற்றாண்டு பேசினட் தலைக்கவசங்களைப் பாருங்கள், விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு உள்மெத்தையைத் தைத்திருப்பார்கள், மண்டை இரும்பைத் தொடாது. அந்த வேலையை விட்டுவிட்டு வெளித்தகட்டை மட்டும் நகல் எடுக்கிறோம். முதலில் உங்கள் எஃகுக் கவசத்துக்கு நல்ல மெத்தை மாற்றுங்கள். தாடைவாரை இறுக்கிப் பிடித்து யாரையாவது உலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கவசம் தனியாக, தலை தனியாக ஆடினால் நான் சொன்ன எடையும் பயனில்லை, இரண்டும் ஒன்றாக நகர்ந்தால்தான் அது கூடச் சேரும்.

நீள்வாள்:
உலுக்கிப் பார்த்தேன், இரண்டு விரல் ஆடுகிறது. மெத்தையை இந்த வாரமே மாற்றுகிறேன். டைட்டானியத்தை மட்டும் இன்னும் விடவில்லை, புது மெத்தையோடு நாலு பயிற்சி ஆடிவிட்டுக் கழுத்து என்ன சொல்கிறது என்று வந்து எழுதுகிறேன்.