ட்யூப் போட்டா கிட்ட போகணும், எக்ஸ்டெண்டர் போட்டா தள்ளி நின்னே எடுக்கலாம்

மேக்ரோ, அதாவது பூச்சி மாதிரி சின்னதை ரொம்பப் பெருசா காட்டுற படம் எடுக்க தனி லென்ஸ் வாங்கியே ஆகணுமான்னு கேக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். கையில கேனான் 50 எம்எம் எஃப்1.8 எஸ்டிஎம் இருந்தா முதல்ல எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்க. உள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய், லென்ஸை சென்சார்ல இருந்து தள்ளி வைக்கிறதுதான் அதோட வேலை. ட்யூப் நீளத்தை ஃபோகல் லெங்த்தால (லென்ஸ் மேல போட்டிருக்குற எம்எம்) வகுத்தா உருவம் கூடுதலா எவ்ளோ பெருசாகும்னு தெரிஞ்சிரும். இந்த லென்ஸ் தனியா அசல் சைஸ்ல 0.21 மடங்கு வரைக்கும் காட்டும், 36 எம்எம் ட்யூப் போட்டா இன்னொரு 0.72 சேரும், கிட்டத்தட்ட அசல் சைஸே சென்சார்ல விழும். அதே ட்யூபை 200 எம்எம் லென்ஸ்ல போட்டா கூடுறது வெறும் 0.18 தான். கேமராவையும் லென்ஸையும் மின்சாரத்தால இணைக்கிற காண்டாக்ட் பின் இருக்குற ட்யூபா பாத்து வாங்குங்க, இல்லைன்னா இந்த மாதிரி கேனான் இஎஃப் லென்ஸ்ல அப்பர்ச்சர் (வெளிச்சம் வர்ற துளை) திறந்தே கிடக்கும், பூச்சியோட கண்ணு ஷார்ப்பா வந்தா கால் மங்கிடும்.

வீட்டு மாமரத்துல முசுறு எறும்பை எடுத்துட்டு இருந்தப்ப ஒண்ணு மட்டும் நடையே வேற மாதிரி இருந்துச்சு, உத்துப் பாத்தா எட்டு கால், முன்னங்கால் ரெண்டையும் எறும்போட உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கிட்டே போகுது, முகத்துல நம்மளையே பாக்குற மாதிரி பெரிய கண்ணு ரெண்டு. முசுறு வேஷம் போடுற குதிக்கும் சிலந்திங்க அது, முன்னாடி மிர்மராக்னேன்னு சொன்ன வகை, இப்ப பேரு மிர்மாப்ளாட்டா. ஆணுக்கு தாடை அவ்ளோ நீளம், ஒரு முசுறு இன்னொண்ணைக் கவ்விட்டுப் போற மாதிரியே இருக்கும், என்ன ஒரு படைப்பு! ஆனா ட்யூபோட ஒரு விரல் தூரத்துக்குப் போகணும், லென்ஸ் நிழல் மேல விழுந்ததும் இலைக்கு அடியில போயிருச்சு.

அதுக்கப்புறம் நண்பர்கிட்ட 100 எம்எம் மேக்ரோ லென்ஸும், அதுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரும் வாங்கிட்டு வந்தேன். எக்ஸ்டெண்டர்ல கண்ணாடி இருக்கு, ஃபோகஸ் தூரம் மாறாம உருவம் மட்டும் 1.4 மடங்கு ஆகும், சிலந்தி மிரளவே இல்ல. கேனானோட சொந்த எக்ஸ்டெண்டர்ல முன்கண்ணாடி வெளிய துருத்திட்டு இருக்கும், இந்த லென்ஸ்ல நேரா மாட்டாது, நடுவுல 12 எம்எம் ட்யூப் வச்சா உக்காந்துரும், தூரத்து ஃபோகஸ் போயிரும், மேக்ரோவுக்கு அது தேவையும் இல்ல.

வெளிச்சம் ரெண்டுலயும் குறையும். 1.4 எக்ஸ்டெண்டருக்கு ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும், ட்யூப்ல அசல் சைஸ் வந்தா ரெண்டு ஸ்டாப், எஃப்8 வச்சாலும் எஃப்16 மாதிரிதான், அதனால டிஃப்யூசர் (வெளிச்சத்தை மென்மையாக்குற மறைப்பு) போட்ட ஃபிளாஷ் இல்லாம பூச்சி பக்கம் போகாதீங்க. பூ, விதை, காஞ்ச இலை நரம்புன்னு ஓடாத சப்ஜெக்ட்டா இருந்தா ட்யூபே தாராளம், என் பை-ல இன்னும் அதுதான் இருக்கு.

2 மடங்கு எக்ஸ்டெண்டர மேக்ரோ லென்ஸோட போட்டு எடுத்தவங்க இருந்தா ஷார்ப்னஸ் எப்படின்னு படத்தோட போடுங்க.