தனியார் மறுமேம்பாட்டுத் திட்டத்தின் கடனுக்கு மாநகராட்சி ஜாமீன் நிற்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் நகரின் நடுவே பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் நூற்பாலை வளாகத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கியது. அங்கே குடியிருப்புகளும் கடைகளும் கட்ட அனுமதி பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும், வங்கிக் கடன் முழுமையாகக் கிடைக்காததால் இன்னும் அடித்தளம்கூடப் போடவில்லை. இப்போது அந்தக் கடனுக்கு மாநகராட்சியே உத்தரவாதம் அளிப்பது என்றும், கட்டடம் எழுந்த பிறகு அங்கிருந்து கூடுதலாக வரும் சொத்து வரியை இருபது ஆண்டுகளுக்குக் கடனை அடைக்க ஒதுக்குவது என்றும் ஒரு தீர்மானம் மாமன்றத்தின் முன் வந்திருக்கிறது.

உத்தரவாதம்தானே, கையிலிருந்து ஒரு காசும் போகாது என்று அதிகாரிகள் விளக்குகிறார்கள். எனக்கு அது நெருடலாகவே இருக்கிறது. அந்த வளாகம் இப்படியே பாழடைந்து கிடப்பதையும் நான் விரும்பவில்லை; கூரை சரிந்த ஆலைக்குள் மழைநீர் தேங்கி, சுற்றுச்சுவர் ஓரமாகக் குழந்தைகள் நடக்கவே அஞ்சும் நிலை இருக்கிறது. குடியிருப்போர் சார்பில் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்துள்ளது. எதைக் கேட்க வேண்டும், எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

திட்டக் கடன்களைப் பரிசீலிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வங்கி ஏன் தயங்குகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். திட்டத்தின் மொத்தச் செலவு நூறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் அடமானத்தின் பேரில் வங்கி அறுபது பங்கு தர முன்வருகிறது, நிறுவனத்தின் சொந்த முதல் இருபது பங்கு என்றால், மீதி இருபது பங்கு துண்டு விழுகிறது. பழைய ஆலை நிலங்களில் இப்படித் துண்டு விழுவது வழக்கமானது. மண்ணில் கலந்துள்ள சாயக் கழிவையும் எண்ணெயையும் அகற்றுவதற்கும், பழைய கட்டடத்தின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகளைப் பாதுகாப்பாகப் பிரித்தெடுப்பதற்கும், புதிய வடிகாலுக்கும் ஆகும் செலவு விற்பனை விலையில் திரும்பி வருவதில்லை. வெற்று நிலத்தில் கட்டுபவருக்கு இந்தச் செலவு கிடையாது. ஆகவே, நிறுவனம் உதவி கேட்பதை வைத்தே அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அந்தத் துண்டை நகரம் பல வழிகளில் நிரப்பலாம். வங்கிக்கு அடுத்தபடியாகவே பணம் திரும்பக் கிடைக்கும் இரண்டாம் அடமானத்தின் பேரில், தானே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கலாம். தன் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய பணத்தைத் தரலாம். வருங்கால வரியை ஈடு வைக்கலாம். வெறும் உத்தரவாதமும் கொடுக்கலாம். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் வீட்டுவசதி மற்றும் சமூக மேம்பாட்டுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, ஒரு நகரம் தனக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் சமூக மேம்பாட்டு மானியத்தைப் போல ஐந்து மடங்கு வரை மத்திய அரசின் உத்தரவாதத்துடன் கடன் வாங்க இடம் தருகிறது. அதற்கு ஈடாக நகரம் வைப்பது தனக்கு இனி வரவிருக்கும் மானியத்தையே. அந்தப் பணத்தைப் பெற்ற தனியார் திட்டம் நொடித்தால், ஏழைகளின் குடியிருப்புக்கு வந்திருக்க வேண்டிய மானியத்திலிருந்து கடன் கழிக்கப்படும்.

உத்தரவாதம் என்பது ஜாமீன் கையெழுத்துத்தான். ஜாமீன் போட்டவர் முதல் நாள் ஒன்றும் இழப்பதில்லை என்பது உண்மை. கடன் வாங்கியவர் கைவிரிக்கும் நாளில் அவரே கடனாளி ஆகிறார் என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே அந்தக் கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, நட்டம் வந்தால் யாருடைய பணம் முதலில் போகும் என்பதே. நிறுவனத்தின் இருபது பங்கு முழுவதும் செலவான பிறகே வங்கிப் பணமும், அதற்குப் பிறகே நகரத்தின் பொறுப்பும் வரும்படி ஒப்பந்தம் இருந்தால் பேசலாம். நிலத்தின் மதிப்பை ஏற்றிக் காட்டி அதையே சொந்த முதல் என்று கணக்குக் காட்டியிருந்தால், அந்த நிறுவனம் உண்மையில் எதையும் பணயம் வைக்கவில்லை.

இரண்டாவது பதில்

நகரமைப்பு கற்பிக்கும் எனக்கு, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கனடாவின் வான்கூவர் நகரம் நினைவுக்கு வருகிறது. 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்கள் தங்குவதற்கான குடியிருப்பை, பழைய தொழிற்சாலைப் பகுதியான தென்கிழக்கு ஃபால்ஸ் க்ரீக்கில், மாநகராட்சிக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு தனியார் நிறுவனம் கட்டுவதாக ஏற்பாடு. போட்டி முடிந்ததும் வீடுகளை விற்று நிறுவனம் கடனை அடைக்க வேண்டும். அமெரிக்க நிதி நிறுவனம் ஒன்று 75 கோடி கனடா டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. போட்டிக்கு முன் எப்படியும் கட்டி முடிக்கப்படும் என்று மாநகராட்சி உறுதி அளித்திருந்தது.

2008இல் உலக நிதி நெருக்கடி வந்ததும், கடன் கொடுத்தவர் பணம் தருவதை நிறுத்திக்கொண்டார். கட்டடம் பாதியில் நிற்கிறது. போட்டியின் தேதியை மாற்ற முடியாது. அந்த அக்டோபரில் மாநகர மன்றம் மூடிய கதவுக்குள் கூடி 10 கோடி டாலர் கடன் வழங்க முடிவு செய்தது. செய்தி வெளியே கசிந்து, அடுத்த மாதம் நடந்த நகரத் தேர்தலின் முக்கியப் பிரச்சினையாகவே ஆனது. புதிய மன்றம் பொறுப்பேற்றதும், மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் கடன் வாங்கும் அதிகாரத்தை 2009 ஜனவரியில் மாகாணச் சட்டமன்றத்தை அவசரமாகக் கூட்டிப் பெற்று, முழுக் கடனையும் நகரமே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 2010 நவம்பரில் திட்டம், கடனை மீட்பதற்காக நியமிக்கப்பட்ட சொத்துப் பொறுப்பாளரின் கைக்குப் போனது. வீடுகளை மெல்ல விற்று, 2014இல்தான் கடன் அடைந்தது.

கடன் அடைந்துவிட்டதே, அப்படியானால் வெற்றிதானே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. நிலத்துக்கு முதலில் ஒப்புக்கொண்ட விலை நகரத்துக்கு முழுமையாக வந்து சேரவில்லை. குறைந்த வருமானத்தினருக்கென்று கட்டப்பட்ட 252 வீடுகளில் பாதியைச் சந்தை வாடகைக்கு விடும் முடிவும் இடையில் எடுக்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் நகர நிர்வாகத்தின் கவனத்தை ஒரே திட்டம் விழுங்கியது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கட்டி முடிப்பதற்கான உறுதியை நகரம் கொடுத்துவிட்டால், உத்தரவாதத் தொகை எவ்வளவு என்று எழுதியிருந்தாலும் அதற்குப் பொருளில்லை. பாதியில் நின்ற கட்டடத்தை முடிக்க எவ்வளவு ஆகிறதோ அவ்வளவும் நகரத்தின் பொறுப்பு. உங்கள் தீர்மானத்தில் இந்த உறுதி எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இரு பதில்களுக்கும் நன்றி. வரைவைத் திரும்பப் படித்தேன். 'திட்டம் உரிய காலத்தில் நிறைவேற மாநகராட்சி தேவையான அனைத்து நடவடிக்கைகளையும் மேற்கொள்ளும்' என்று ஒரு வரி இருக்கிறது. முதல் முறை படித்தபோது சம்பிரதாயமான வாசகம் என்று கடந்துவிட்டேன். உத்தரவாதத்தின் உச்ச வரம்பும் முறையும் நான்காவது இணைப்பில் என்று குறிப்பு மட்டும் உள்ளது. அந்த இணைப்பு எங்களுக்குத் தரப்படவில்லை. கூடுதல் வரியை ஒதுக்குவது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? இல்லாத வரியைத்தானே கொடுக்கிறோம் என்கிறார்கள்.

மூன்றாவது பதில்

இல்லாத வரி என்ற வாதத்துக்கு வயது எழுபதுக்கும் மேல். கலிபோர்னியாவில் 1952 முதல் நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது. ஒரு பகுதியின் இன்றைய சொத்து மதிப்பை அடிப்படையாகக் குறித்துவைத்து, அதற்குமேல் வளரும் மதிப்பின் வரியை மட்டும் தனியே பிரித்து, அந்தப் பகுதிக்காக வாங்கிய கடனுக்குக் கட்டுவார்கள். அமெரிக்காவின் பிற மாநிலங்களும் இதை எடுத்துக்கொண்டன. இல்லினாயில் ஒரு பகுதியை 23 ஆண்டுகள் இப்படி வைத்திருக்கலாம்.

திட்டம் வராவிட்டால் அந்த இடத்தின் மதிப்பு உயர்ந்தே இருக்காது என்பது உண்மையானால் மட்டுமே இந்த வாதம் நிற்கும். நகரம் முழுவதும் நில மதிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது, அந்த வளாகமும் தானாகவே ஓரளவு ஏறும். அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். இதற்கிடையே புதிய வீடுகளில் குடியேறுபவர்களுக்குத் தண்ணீர், குப்பை அகற்றல், பள்ளி எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும். அதற்கான வரி இருபது ஆண்டுகளுக்கு வேறிடம் போனால், பழைய குடியிருப்போரின் வரியிலிருந்துதான் செலவு செய்ய வேண்டியிருக்கும். கலிபோர்னியாவில் இந்த ஏற்பாட்டை நடத்திய மறுமேம்பாட்டு முகமைகள் மாநிலத்தின் மொத்தச் சொத்து வரியில் சுமார் 12 சதவீதத்தைப் பெறும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. அதனால் சொத்து வரியில் பள்ளிகள் இழந்த பங்கை மாநில அரசு ஈடுகட்ட நேர்ந்தது. நிதித் தட்டுப்பாட்டில் சிக்கிய அரசு, ஏறக்குறைய 400 முகமைகளையும் 2012 பிப்ரவரியில் கலைத்துவிட்டது.

அதற்காக இந்த முறையே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். லண்டனில் 1983இல் மின் உற்பத்தி நின்றுபோன பேட்டர்சி மின்நிலையத்தை ஒருவர் பின் ஒருவராகப் பலர் மறுமேம்பாடு செய்ய முயன்று தோற்றார்கள். 2012இல் ஒரு மலேசியக் கூட்டமைப்பு அதை வாங்கிய பிறகு, அங்கே சுரங்க ரயிலின் நார்தர்ன் தடத்தை நீட்டிக்க லண்டன் நகர நிர்வாகம் 100 கோடி பவுண்டு வரை கடன் வாங்க ஏற்பாடு செய்தது. அப்பகுதியில் கட்டுபவர்கள் செலுத்தும் பங்களிப்பும், அங்குள்ள வணிகக் கட்டடங்களிலிருந்து கூடுதலாக வரும் சொத்து வரியும் அந்தக் கடனை அடைக்க ஒதுக்கப்பட்டன. 2021 செப்டம்பரில் இரண்டு புதிய நிலையங்கள் திறந்தன. அங்கே பொதுக் கடன் ரயில் பாதைக்குப் போனது. கட்டுபவர் நாளை நொடித்தாலும் பாதை ஊருடையது.

நான்காவது பதில்

ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. உத்தரவாதத்தில் எவ்வளவு தொகை என்பதைவிட, அது எப்போது கேட்கப்படும் என்பதே எனக்குப் பெரிது.

நாங்கள் ஒரு வணிக வளாகத்துக்கு அளித்த உத்தரவாதம், ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் பின்னிணைப்பில் ஒரே வரியாக இருந்தது. நான்கு ஆண்டுகள் அந்த வரியை அப்படியே நகலெடுத்துப் போட்டவள் நானே. ஐந்தாம் ஆண்டில் வங்கியிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: தவணை தவறியிருக்கிறது, முப்பது நாளில் செலுத்தவும். அடமானச் சொத்தை விற்றுப் பார்த்துவிட்டு மீதியைத்தானே எங்களிடம் கேட்க வேண்டும் என்று நம்பி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், 'கோரியவுடன் செலுத்தப்படும்' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொற்களை யாருமே நின்று படிக்கவில்லை. அந்த ஆண்டு வடிகால் பணிக்கு ஒதுக்கிய தொகை அப்படியே தவணைக்குப் போனது. அடுத்த மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, மக்கள் எங்களைக் கேட்டதில் தவறே இல்லை.

ஆகவே நான்காவது இணைப்பு கிடைக்காமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். அதில் 'கோரியவுடன்' என்ற சொல் இருந்தால், அதை நீக்கி, ஈட்டை ஏலம் விட்ட பிறகு எஞ்சும் தொகைக்கு மட்டுமே நகரம் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். தொகைக்கு உச்ச வரம்பு வேண்டும். வீடுகள் விற்க விற்க அந்த வரம்பு இறங்கிக்கொண்டே வர வேண்டும். நிறுவனத்தின் தாய் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இத்திட்டத்துக்கென்றே தொடங்கிய, ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) ஒன்றுமில்லாத ஒரு துணை நிறுவனத்தின் கையெழுத்து போதாது. வங்கி ஒவ்வொரு முறை பணம் விடுவிக்கும் முன்பும் நகரப் பொறியாளர் இடத்தை நேரில் பார்த்துச் சான்று அளிக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட அதிக லாபம் வந்தால் நகரத்துக்கு அதில் பங்கு வேண்டும். நட்டத்தில் பங்கு உள்ளவருக்கு லாபத்திலும் பங்கு கேட்க உரிமை உண்டு.

என்னைக் கேட்டால், உத்தரவாதமே வேண்டாம். மண்ணைத் தூய்மைப்படுத்துவதையும் வடிகால், சாலை அமைப்பதையும் மாநகராட்சியே தன் செலவில் செய்து கொடுக்கட்டும். அந்தச் செலவு குறைந்தால் நிறுவனத்தின் துண்டும் குறையும், வங்கியும் தன் கணக்கை மாற்றிப் போடும். நிறுவனம் நாளை விலகிப்போனாலும் தூய்மையான நிலமும் ஓடும் வடிகாலும் ஊருக்கு மிஞ்சும்.

கேள்வி கேட்டவர்

நான்காவது இணைப்பைக் கேட்டு இன்று காலை எழுத்துபூர்வமாக விண்ணப்பித்துவிட்டேன். அது கிடைக்கும்வரை தீர்மானத்தை ஒத்திவைக்க வேண்டும் என்று எங்கள் பகுதி உறுப்பினரிடமும் கேட்டிருக்கிறேன்; அவரும் அந்த இணைப்பைப் பார்க்கவில்லையாம். மண்ணைத் தூய்மைப்படுத்த எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு நிறுவனத்தின் விண்ணப்பத்தில் தனியாக இருக்கிறது. துண்டு விழும் தொகையோடு அதை வைத்துப் பார்த்தேன். பாதிக்கும் மேல் அதிலேயே வந்துவிடுகிறது. அந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்கிறேன்.