புதுப்பிப்பு: வீட்டுப் பாட்டு பட்டறைக்கு வந்துவிட்டது

உப்புவெளி வீட்டுக் கணினியில் கிடக்கும் பாட்டுகளை, வளவின் பின்பக்கத் தச்சுப்பட்டறையில் குறைந்த செலவில் கேட்க வழி கேட்டிருந்தேன். இப்போது பாடுகிறது.

கணினியில் நேவிட்ரோம் போட்டேன் (அதிலுள்ள பாட்டுகளை வேறு கருவிகளில் கேட்க வைக்கும் மென்பொருள்), இலவசம். பட்டறையில் பழைய ஆண்ட்ராய்டு போன், அதிலிருந்து ஆக்ஸ் வயர் வழியாக அம்ப்ளிஃபையர். வைஃபைதான் இழுத்தடித்தது. அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரையே தாண்டவில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டியது, ஆனால் பட்டறையின் தகரம் மறித்தது. கடைசியில் குழாய்க்குள் லான் கேபிள் இழுத்து, சும்மா கிடந்த ரவுட்டரைப் பட்டறையில் வைஃபை தரும் அக்சஸ் பாயிண்டாக்கினேன். 100 மீற்றர் வரை கேபிள் தாங்கும். ஃப்ளாக் கோப்புகளும் (ஒலித்தரம் குறையாத, எம்பி3யை விடப் பெரிய கோப்புகள்) தடங்கலில்லாமல் ஓடுகின்றன. (சீவுளி மெஷின் போட்டால் ஃப்ளாக்காவது எம்பி3யாவது!)

மரத்தூளுக்குப் பயந்து போனை பிஸ்கட் டின்னுக்குள் வைக்கச் சொன்னார் மச்சான். அதுவும் தகரம்தானே, சிக்னல் போய்விடும். பிளாஸ்டிக் டப்பா போதும். உப்புக்காற்றில் ஆக்ஸ் முனை பச்சை பிடிக்கும், அப்பப்ப துடைத்துவிடுங்கள்.