அம்மம்மாவின் திவசத்துக்கு வீட்டுப் பூ

குழு: எங்கட வீட்டாக்கள்

மார்ச் 2

நான்: அக்கா, இந்த முறை அம்மம்மாவின் திவசம் ஜூன் முதல் கிழமையில் வருகிறது. கடைப் பூ வேண்டாம், எங்கள் வளவில் பூத்ததைத்தான் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இங்கே கனடாவில், மார்க்கம் நகரில் இன்னும் ஓர் அடி ஸ்நோ கிடக்கிறது. நடக்கிற காரியமா?

பெரியக்கா: நடக்கும். ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டும். மே பிற்பகுதியில் விக்டோரியா டே விடுமுறை வரட்டும் என்று எல்லோரும் காத்திருப்பது தக்காளிக்கும் மிளகாய்க்கும் சரி. ரனன்குலஸ், ஸ்நாப்டிராகன், சுவீட் பீ மாதிரிப் பூக்கண்டுகள் எல்லாம் குளிரில்தான் நன்றாக வேர் பிடிக்கும். வெக்கை வந்ததும் ரனன்குலஸ் இலை மஞ்சளாகி உறங்கப் போய்விடும். அதற்குக் குளிர் பகையே இல்லை, வெக்கைதான் பகை.

அம்மா: அப்போ நான் மே மாதம் மட்டும் பொறுத்து நட்டதெல்லாம் வீணா பிள்ளை?

பெரியக்கா: வீண் இல்லை அம்மா. சின்னியாவுக்கும் டேலியாவுக்கும் நீங்கள் செய்ததுதான் சரி. அவை ஓர் இரவு உறைபனி பட்டாலே கறுத்துவிடும்.

நான்: சரி, எனக்கு இப்போது என்ன வேலை?

பெரியக்கா: ரனன்குலஸ் கிழங்கு என்னிடம் மேலதிகமாக 20 இருக்கிறது, அத்தானிடம் கொடுத்து விடுகிறேன். பார்த்தால் விரல்நுனி அளவு வாழைச்சீப்பு மாதிரி, காய்ந்து சுருங்கி இருக்கும். பயப்படாதே. அறைச் சூட்டுத் தண்ணீரில் 3, 4 மணித்தியாலம் ஊறவிடு. இரண்டு மடங்காக ஊதிவிடும். அதற்கு மேல் ஊறினால் அழுகும். பிறகு ஈர மண் போட்ட தட்டில் வைத்து நிலவறையில் குளிரான மூலையாகப் பார்த்து வை, 10 டிகிரி அளவு போதும். இரண்டு கிழமையில் வெள்ளை வேர் வரும்.

இன்னொன்று. நடப்போகும் பாத்தியில் ஸ்நோவை வழித்துவிட்டு, தெளிந்த பிளாஸ்டிக்கால் இறுக மூடி ஓரத்தில் கல் வை. வெய்யில் பட்டு மண் இளகட்டும். மார்ச் கடைசியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், சீப்பின் விரல்கள் கீழே பார்க்க நடலாம்.

அத்தான்: பாத்தியைக் குகை மாதிரி மூடுகிற டனலுக்கு நான் வந்து குழாய் வளைத்துத் தருகிறேன் தங்கச்சி. 10 அடி பிவிசி குழாயை 4 அடிப் பாத்திக்கு மேலே வளைத்து, இரண்டு பக்கமும் நிலத்தில் அடித்த கம்பியில் செருகினால் போதும். நாலு அடிக்கு ஒன்று. உள்ளே வெள்ளை உறைபனித் துணி, வெளியே பிளாஸ்டிக்.

நான்: அக்கா, பிந்திவிட்டேனோ? ஜூன் முதல் கிழமைக்குப் பூக்குமா?

பெரியக்கா: நட்டு மூன்று மாதம் ஆகும் பூ அது. வேர் விட்ட பிறகு நடுவதால் கொஞ்சம் முந்தும். உன்னுடையது இரண்டு, மூன்று பூ தந்தாலே பெரிய காரியம். மிச்சத்துக்கு என் ஸ்நாப்டிராகன் இருக்கிறது. போன ஆகஸ்டில் விதைத்து, செப்டம்பர் கடைசியில் டனலுக்குள் நட்டது. நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இங்கே பகல் 10 மணித்தியாலமும் இல்லை. அந்த நாட்களில் எதுவும் வளராது, உயிரோடு இருந்தாலே போதும். அதற்கு முன்னமே வேரை ஊன்ற வைத்துவிட வேண்டும். இப்போது ஆள் நிமிரத் தொடங்கிவிட்டது.

(படம்: பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்த கை. கீழே விரலளவுக் கண்டுகள், இலை ஓரம் ஊதா நிறம்.)

அம்மா: கடவுளே, வெளியில் ஸ்நோ, உள்ளே பச்சை. வடிவாக இருக்கு.

ஏப்ரல் 13

பெரியக்கா: இன்றைக்கு நல்ல வெய்யில். வேலைக்குப் போக முன்னம் டனலின் இரண்டு வாயையும் திறந்துவிடு! வெளியே 12 டிகிரிதானே என்று போன வருடம் நான் மூடியபடி போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் உள்ளே 40க்கு மேல், சுவீட் பீ முழுவதும் வெந்த கீரை. 30 கண்டு. அன்றைக்கு அழுதேவிட்டேன்.

நான்: திறந்துவிட்டேன் அக்கா. கையை உள்ளே விட்டால் இப்போதே புழுக்கம்.

மே 8

அத்தான்: இன்று இரவு மைனஸ் 2. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டவர்கள் துணியைத் திரும்பப் போடுங்கள்.

நான்: என் துணி கிழிந்து கிடக்கிறது. கடை பூட்டியிருக்கும்.

அம்மா: என்னிடம் பழைய நூல் சேலை நாலு இருக்கு. பாவிக்கலாமா?

பெரியக்கா: தாராளமாக. வளைவுக்கு மேலே விரியுங்கள், இலையில் முட்டாமல். காய்ந்த சேலையாக இருக்க வேண்டும். மண்ணில் பகல் ஏறிய சூடு மேலே போகாமல் பிடித்துவைக்கும், இரண்டு டிகிரியாவது கிடைக்கும். வெய்யில் ஏற முன்னம் எடுத்துவிடுங்கள்.

மே 9

நான்: சேலையின் மேலே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கீழே ஒரு கண்டுக்கும் ஒன்றும் இல்லை!! நீலக்கரைச் சேலை, அம்மம்மா தந்தது தானே அம்மா?

அம்மா: ஓம். சாவகச்சேரியில் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றும்போது உடுத்தது.

ஜூன் 3

நான்: ரனன்குலஸ் மூன்று மொட்டு நிறம் காட்டுகிறது. எப்போது வெட்ட?

பெரியக்கா: மொட்டை இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பார். கல் மாதிரி இருந்தால் விட்டுவிடு, பஞ்சு மாதிரி அமுங்கினால் வெட்டு. ஸ்நாப்டிராகனில் அடியில் மூன்றில் ஒரு பங்கு விரிந்ததாக 40 தண்டு பார்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு விடிய, வெய்யில் வர முன்னம் வெட்டுவோம். வாளியில் தண்ணீரோடு போக வேண்டும், வெட்டின கையோடு அதற்குள் வைக்க.

நான்: மூன்றில் இரண்டு அமுங்குகிறது. மற்றது இன்னும் கல்.

அம்மா: இரண்டு போதும் பிள்ளை. படத்துக்கு முன்னால் அதைத்தான் வைப்பேன். விடிய ஐந்தரைக்கு அத்தானை வந்து ஏற்றச் சொல்லு, செம்பு நான் கொண்டுவருகிறேன்.